திரும்பி வரும் நோயாளி

கிருஷ்ணகிரியை அடுத்த போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறப்பு விழா கண்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. ஆண்டுக்கு 150 இடங்கள். 2021-22 கல்வியாண்டில் சேர்ந்த முதல் அணி மாணவர்கள் 2026-27இல் ஹவுஸ் சர்ஜன்களாக வார்டுகளில் இருப்பார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் ஒரு துறையைத் தேர்ந்தாக வேண்டும். மேற்படிப்புக் கலந்தாய்வில் ரேடியாலஜி, தோல் நோய், பொது மருத்துவம் ஆகிய இடங்கள் முதலில் நிரம்பிவிடும் என்பது மருத்துவ மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கான எம்.டி. இடங்கள் அந்த வரிசையில் வெகு பின்னால் இருக்கின்றன. அப்படியிருக்க, இந்த 150 பேரில் யாராவது ஒருவர் புற்றுநோய் மருத்துவத்தைத் தேர்ந்தால், எதனால் தேர்வார்?

இந்தக் கேள்விக்குப் பழகிப்போன பதில்கள் உண்டு. வீட்டில் ஓர் இழப்பு, இளகிய மனம், சவாலில் நாட்டம் என்பார்கள். எதையும் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் புற்றுநோய் மருத்துவத்துக்கு வாழ்க்கையைக் கொடுத்தவர்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க வேறொன்று எனக்கு அழுத்தமாகத் தெரிகிறது. நோயை எந்த இடத்தில் நின்று பார்த்தார்கள், எவ்வளவு காலம் பார்த்தார்கள், சிகிச்சை முடிந்த நோயாளி நலமாகத் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்ததைப் பார்த்தார்களா என்பவையே பெரும்பாலும் அந்த முடிவை உருவாக்கியிருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தை எடுத்துக்கொண்டு யோசிப்பதற்கும் இதுதான் காரணம். இங்கே நோய் இருக்கிறது, மருத்துவரும் இருக்கிறார். நோயாளி குணமாகும் காலம் மட்டும் மாவட்டத்துக்கு வெளியே கழிகிறது.

மாவட்டத்தின் எல்லை நகரான ஓசூரிலிருந்து ஜுஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் போகும் சாலைக்குப் பெங்களூருவிலும் ஓசூர் சாலை என்றுதான் பெயர். நகருக்குள் அந்தச் சாலை போய்ச் சேரும் பகுதியில், நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் பக்கத்தில், 1973இல் தொடங்கப்பட்ட கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அடையாறு புற்றுநோய் நிலையமோ 300 கிலோமீட்டருக்கு அப்பால். வழியில் காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும், இன்னொரு திசையில் சேலம் அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. தேன்கனிக்கோட்டையிலோ தளியிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்தத் தூரங்கள் மனப்பாடம். கூலி, பேருந்துக் கட்டணம், தங்கும் இடம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பெரும்பாலோர் பெங்களூருப் பேருந்தில் ஏறுகிறார்கள். எல்லைக்கு அப்பால் இருப்பது வேறு மாநிலம் என்பது ஓசூர்க்காரர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. வேலைக்கும் சந்தைக்கும் பெண் எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் அந்தச் சாலையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நோயாளிக்கு இது நல்லதுதான். பக்கத்தில் ஒரு பெரிய மையம் இருப்பது வரம். ஆனால் இங்குள்ள இளம் மருத்துவரின் பக்கம் நின்று பாருங்கள். புறநோயாளிப் பிரிவில் ஒரு பெண் வருகிறார். மாதவிடாய் நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் ரத்தப்போக்கு. பரிசோதித்தால் கர்ப்பப்பை வாயில் கட்டி. சதை எடுத்து அனுப்புகிறார்கள். முடிவு வந்ததும் மேல்சிகிச்சைக்கு என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அத்தோடு அந்தப் பெண் இந்த மருத்துவரின் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஓரளவு முற்றிய நிலையில் இருந்தால், வழக்கமான சிகிச்சையில் வாரத்துக்கு ஐந்து நாள் என்ற கணக்கில் ஐந்து வாரம், 25 முறை வெளிக்கதிர் கொடுப்பார்கள். நோயாளிகள் இதைக் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். கூடவே வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் ஊசி, பிறகு உட்கதிர்ச் சிகிச்சை. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் பலன் குறையும். அந்த எட்டு வாரத்தில் ரத்தப்போக்கு நிற்பதையும், கட்டி கரைவதையும், சாப்பாடு பிடிக்காமல் போய்ப் பிறகு பிடிப்பதையும் பெங்களூருவில் இருக்கும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். குணமான பெண் மறுபரிசோதனைக்கும் அங்கேதான் போவார். குணமாகாதவரைத்தான் இங்கே மறுபடியும் கொண்டு வருவார்கள், கடைசி நாட்களில், வலி தாங்காமல்.

ஆக, இங்குள்ள ஹவுஸ் சர்ஜன் பார்ப்பது இரண்டு முனைகளை மட்டுமே. தாமதமாக வந்த தொடக்கம் ஒன்று, முடிவு இன்னொன்று. இடையில் நடக்கும் மருத்துவம் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இப்படிப் பார்த்தவர் புற்றுநோய் என்றால் சாவு என்று நினைப்பதில் வியப்பில்லை. மக்களிடம் இருக்கும் அதே அச்சம் வெள்ளைக் கோட்டுக்குள்ளும் குடியேறுகிறது. அந்த அச்சத்தை மாற்றும் அனுபவம் எப்படிக் கிடைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே மிகத் தெளிவான சான்று இருக்கிறது.

வி. சாந்தா 1927 மார்ச் 11 அன்று சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1949இல் எம்.பி.பி.எஸ்., 1952இல் மகப்பேறு மருத்துவத்தில் பட்டயம், 1955இல் அதே துறையில் எம்.டி. அந்தக் காலத்துப் பெண் மருத்துவர்களுக்கு வகுத்துவைத்த பாதை அது. அரசுப் பணித் தேர்விலும் தேறி, பெண்கள் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் பணி நியமனமும் வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு 1955 ஏப்ரலில் அடையாறில் தொடங்கி ஓராண்டுகூட நிறையாத ஒரு மருத்துவமனைக்குப் போனார். 12 படுக்கைகள், மருத்துவர்களோ சாந்தாவையும் சேர்த்து இருவர்தான். முதல் மூன்று ஆண்டுகள் சம்பளமில்லாமல் வேலை செய்தார். அதன் பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள்ளேயே தங்க இடமும் கொடுத்தார்கள். 2021 ஜனவரி 19 அன்று இறக்கும்வரை, அறுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, அவருடைய வாழ்க்கை அந்த வளாகம்தான். மகசேசே விருதும் பத்ம விபூஷணும் இடையில் வந்து சேர்ந்தன.

அந்த மருத்துவமனைக்குப் பின்னால் வேறொருவரின் இழப்பு இருந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் தலைமுறைப் பெண் மருத்துவர்களில் ஒருவரான முத்துலட்சுமியால் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. லண்டனுக்குப் போய் அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையைப் பார்த்தார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டையொட்டித் தனிப் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று கேட்டார். கிடைக்கவில்லை. விடுதலைக்குப் பிறகும் அரசுத் தரப்பில் பெரிய ஆர்வம் இல்லை. எப்படியும் சாகப் போகிறவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டி, 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று மருத்துவமனை திறந்தது. தங்கையின் சாவுக்கும் மருத்துவமனையின் திறப்புக்கும் இடையே 31 ஆண்டுகள். மும்பையிலும் இதுதான் கதை. மெஹர்பாய் டாட்டா 1931இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். டாட்டா நினைவு மருத்துவமனை 1941இல் திறந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இழப்பு ஒரு மருத்துவமனையைக் கட்டவைத்தது. ஆனால் அந்த மருத்துவமனைக்குள் வந்து தங்கிய சாந்தாவை அங்கே கொண்டு சேர்த்தது வேறு. ஒன்று, ஆசிரியர். முத்துலட்சுமியின் மகன் எஸ். கிருஷ்ணமூர்த்தி அறுவை மருத்துவர். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் புற்றுநோய் மருத்துவமனையில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். கட்டியை வெட்டி எடுப்பதோடு முடிந்தது என்று நினைக்காமல் அறுவை, கதிர், மருந்து, பிந்தைய கண்காணிப்பு எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவர வேண்டும் என்று சொன்னவர். இன்னொன்று, சாந்தா படித்த துறையே. அன்றைய தமிழ்நாட்டுப் பெண்களை மிக அதிகமாகத் தாக்கிய புற்றுநோய் கர்ப்பப்பை வாயில் வருவது. மகப்பேறு மருத்துவரின் கைக்குத்தான் அது முதலில் வரும். கதிர்ச் சிகிச்சைக்கு மிக நன்றாகக் கட்டுப்படும் புற்றுநோய்களில் ஒன்றும் அதுவே. இதைச் சேர்த்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண் மருத்துவர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளித்தால், நோயாளி பிழைத்து வீடு திரும்புவதைப் பார்க்கும் வாய்ப்பு மற்றப் புற்றுநோய்களைவிட அதிகம். சாந்தாவின் முடிவில் தியாகம் இருந்தது உண்மை. அதனடியில் மிகத் தெளிவான மருத்துவ அறிவும் இருந்தது. இந்த நோயை வெல்ல முடியும் என்பதற்கு அவரிடம் சான்று இருந்தது.

1950களின் பின்பாதியில் கனடாவிலிருந்து கோபால்ட்-60 கருவி அடையாறுக்கு வந்தது. 1960இல் குழந்தைகளுக்கென்று தனிப் புற்றுநோய்ப் பிரிவு தொடங்கினார்கள். அது பெரிய துணிச்சல். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் அன்று கிட்டத்தட்ட உயிர் பிழைக்க முடியாத நோய். சிகிச்சை என்று ஒன்று தோன்றியே அதிக காலம் ஆகியிருக்கவில்லை. 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, பத்துப் பேரிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதைக் காட்டினார். அந்த மருந்து வந்த ஆய்வகத்துக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் உடுத்தியதற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறி, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். ஃபார்பரின் கட்டுரை வந்த சில வாரங்களில், ஆகஸ்ட் மாதம், சுப்பாராவ் இறந்துவிட்டார். அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கிறது.

பிறகு 1984இல் அடையாறு, மும்பை டாட்டா, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே முறையில் குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் இயன் மக்ராத் இந்திய மருத்துவர்களோடு சேர்ந்து வகுத்த முறை அது. எம்.சி.பி. 841 என்று பெயர். விலை உயர்ந்த வசதிகள் இல்லாத மருத்துவமனையிலும் கொடுக்கக்கூடியதாக அதை அமைத்திருந்தார்கள். அதற்கு முன் ஐந்தில் ஒரு குழந்தை பிழைத்தாலே அதிகம் என்றிருந்த நிலை மாறி, ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் நோயின்றி வாழத் தொடங்கினார்கள். அதே ஆண்டு அடையாறில் புற்றுநோய் மருத்துவத்துக்கான டி.எம்., எம்.சிஎச். உயர்படிப்புகளும் தொடங்கின. இந்த இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மாணவர்கள் சேரத் தொடங்கிய அதே வார்டில், பத்து வருடத்துக்கு முன் இறந்திருக்கக்கூடிய குழந்தைகள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் துறை மருத்துவரை உருக்கிவிடும் என்ற எச்சரிக்கையை எல்லா மாணவர்களும் கேட்டிருப்பார்கள். அது வெறும் பேச்சில்லை. 2014இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழ 1,500 புற்றுநோய் மருத்துவர்கள் பதில் சொன்னார்கள். அவர்களில் சுமார் 45 விழுக்காட்டினரிடம் பணியால் வரும் கடும் மனச்சோர்வு இருந்தது. அதே மருத்துவர்களில் பத்தில் எட்டுப் பேர், மறுபடியும் தேர்வு செய்யச் சொன்னாலும் இந்தத் துறையையே தேர்வோம் என்றார்கள். முதல் எண்ணை மட்டும் சொல்லி மாணவர்களை விலக்குவதும், இரண்டாவதை மட்டும் சொல்லி அழைப்பதும் நேர்மையில்லை. சோர்வும் நிறைவும் ஒரே ஆளிடம் ஒன்றாக இருக்கின்றன. புற்றுநோய் மருத்துவர் ஒரு நோயாளியோடு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பழகுகிறார். குடும்பத்தில் யார் சம்பாதிக்கிறார்கள், யார் கூட வருகிறார்கள், எந்த மாதம் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதுவரை அவருக்குத் தெரியும். சோர்வைக் கொடுப்பதும் இந்த நெருக்கம்தான், பிடித்து நிறுத்துவதும் இதுதான். அமெரிக்க எண்களை அப்படியே ஓசூருக்குப் பொருத்த முடியாது. ஆனால் நெருக்கமே இல்லாத இடத்தில் சோர்வு மட்டுமே மிஞ்சும் என்று ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை.

எல்லைப்புறத்தின் சிக்கல் புள்ளிவிவரத்திலும் தெரிகிறது. மும்பையில் 1960களிலும், பெங்களூருவிலும் சென்னையிலும் 1980களின் தொடக்கத்திலும் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேடுகள் தொடங்கிவிட்டன. பதிவேட்டு எல்லைக்குள் குறைந்தது ஓராண்டாவது வசித்தவர்களையே இவை கணக்கில் எடுக்கும். ஆகவே ஓசூரிலிருந்து கித்வாய்க்குப் போகும் நோயாளி பெங்களூருவின் கணக்கில் வரமாட்டார். 2012இல் தொடங்கிய தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் எல்லா மாவட்டங்களையும் தழுவியது. ஆனால் நோய் உறுதியான இடமும் சிகிச்சை நடந்த இடமும் வேறு மாநிலத்தில் இருந்தால், அவரைத் தேடிப் பிடித்துத்தான் எழுத வேண்டும். எண்ணிக்கையில் விழாத நோய்க்கு மருத்துவர் பணியிடமும் கேட்க முடியாது. பணியிடம் இல்லாத ஊரில் அந்தத் துறையைப் படித்தவர் திரும்பி வந்து என்ன செய்வார்?

ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. 1970களில் தொடங்கி அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வளர்ந்த தொழில் நகரம், இன்று எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளின் நகரமாகவும் ஆகியிருக்கிறது. அந்த ஆலைகளில் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள் மிக அதிகம். பல மாநிலங்களிலிருந்து வந்த ஆண் தொழிலாளர்களிடம் புகையிலை மெல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. எல்லை தாண்டிக் கடத்தி வந்ததைப் பிடித்தார்கள் என்ற செய்தி ஓசூர்ப் பக்கம் அடிக்கடி வரும். வாயில் வெள்ளைத் திட்டும் வாய் திறக்க முடியாத இறுக்கமும் இந்தத் தொழிலாளர்களிடம் புற்றுநோய்க்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே தெரியத் தொடங்கும். இருபது வயதில் விடுதியில் இருக்கும் பெண்ணோ, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கான முப்பது வயதை எட்டும்போது திருமணமாகி வேறு ஊருக்குப் போயிருப்பார். ஆலை மருத்துவராக இருப்பவர் இதைப் புரிந்துகொண்டால் அவரும் புற்றுநோய் மருத்துவத்தில்தான் இருக்கிறார் என்பது என் கருத்து.

ஏனென்றால் இந்தத் துறை கதிர்க் கருவி இருக்கும் பெரிய கட்டிடத்தோடு முடிவதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையிலிருந்து ஆர். ராஜ்குமாரும், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பில் இருந்த ஆர். சங்கரநாராயணனும் சேர்ந்து 2000இல் தொடங்கிய ஆய்வு இதற்கு உலகம் அறிந்த சான்று. கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்தார்கள். பாதித் தொகுதிகளில் 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுத்துத் தெரியும் இடம் இருக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். சமையலறை வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். தகுதியுள்ள 49,311 பெண்களில் 31,343 பேர் வந்து பரிசோதித்துக்கொண்டார்கள். சந்தேகம் இருந்தவர்களில் பொருத்தமானவர்களுக்கு அதே வருகையிலேயே செவிலியர்களே குளிரூட்டிச் சிகிச்சை செய்தார்கள். இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பினால் பலர் வரமாட்டார்கள் என்பது கிராமத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். 2007இல் லான்செட் இதழில் வந்த முடிவு: ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையால் புதிதாக நோய் வருவது 25 விழுக்காடும், அந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், அஞ்செட்டியிலோ பெட்டமுகிலாளத்திலோ பணி கிடைக்கும் ஓர் ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர் செய்யக்கூடிய வேலை இது என்பதுதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலர், படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கும் வலிநிவாரணச் செவிலியர் என்று வீட்டு வாசல்வரை போகும் பாதை அங்கே போடப்பட்டிருக்கிறது. மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், நிற்காத ரத்தப்போக்கு என்ற மூன்றையும் அதே வாசலில் கேட்க முடியும். 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது, 9 லட்சம் பேர் இறந்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் மட்டும் சுமார் 80 ஆயிரம் பெண்கள். சென்னையில் இந்த நோயின் விகிதம் 1980களில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. சென்னையில் இறங்கியது இங்கும் இறங்கும், யாராவது ஊரில் உட்கார்ந்து வேலை செய்தால்.

மலைக் கிராமங்களையும் எல்லைக் கிராமங்களையும் பொறுத்தவரை, இந்த மாவட்டத்தில் பிறந்த மாணவருக்கு யாரும் கற்றுத்தர முடியாத ஒரு தகுதி இருக்கிறது. காவேரிப்பட்டணத்தில் தமிழ், சூளகிரிப் பக்கம் தெலுங்கு, தளிப் பக்கம் கன்னடம், கிருஷ்ணகிரி நகரில் உருது. புற்றுநோய் மருத்துவத்தின் மிகக் கடினமான வேலை நோயைச் சொல்வது. பல குடும்பங்களில் மகனோ மருமகனோ முன்னால் வந்து, “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்” என்று கெஞ்சுவார்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். இரண்டு பக்கத்தையும் காயப்படுத்தாமல் உண்மையைக் கொண்டுவருவதற்கு நோயாளியின் வீட்டுப் பேச்சு தெரிந்திருக்க வேண்டும். பெரிய நகரத்து மருத்துவர்கள் உதவியாளரை வைத்து மொழிபெயர்க்கச் சொல்லும் இடத்தில் இந்த மாணவர் நேராகப் பேசுவார்.

குணமாக்க முடியாதபோது என்ன செய்வது என்ற கேள்வியாலேயே இந்தத் துறைக்கு வந்தவர்களும் உண்டு. கேரளத்தின் எம்.ஆர். ராஜகோபால் மயக்கவியல் மருத்துவர். நாக்குப் புற்றுநோயால் கடும் வலியில் இருந்த ஒரு கல்லூரி ஆசிரியருக்கு நரம்பில் ஊசி போட்டு வலியை முழுதாக நீக்கினார். வலி போய்விட்டது, இனி வர வேண்டியதில்லை என்று அனுப்பினார். நோய்க்கு மருத்துவம் இல்லை என்பதை அந்த மனிதர் அப்போதுதான் புரிந்துகொண்டார். வீட்டுக்குப் போய் உயிரை மாய்த்துக்கொண்டார். வலியை மட்டும் பார்த்தேன், மனிதரைப் பார்க்கவில்லை என்ற உணர்விலிருந்து ராஜகோபாலின் பாதை திரும்பியது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் அவரும் நண்பர்களும் தொடங்கிய வலிநிவாரணப் பிரிவு, கேரளம் முழுவதும் அக்கம்பக்கத்தாரே முன்வந்து நடத்தும் பேரியக்கமாக வளர்ந்தது. கடைசி நாட்களில் வலி தாங்காமல் கிருஷ்ணகிரிக்குத் திரும்பி வரும் நோயாளிகளைப் பற்றி மேலே சொன்னேன். அவர்களைப் பார்த்துத் துவண்டுபோகும் ஹவுஸ் சர்ஜனுக்கு, மார்ஃபின் மாத்திரையைச் சரியான அளவில், சரியான இடைவெளியில் கொடுத்தால் அந்த நோயாளி அன்றிரவு தூங்குவார் என்று காட்டும் ஒரு மூத்தவர் இருந்தால், அந்த வார்டின் பொருளே மாறிவிடும்.

படிப்பின் அமைப்பு இதற்கு அதிகம் உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எம்.பி.பி.எஸ். படிப்பில் புற்றுநோய்க்குத் தனித் தேர்வு கிடையாது. மார்புக் கட்டி அறுவைப் பாடத்தில், ரத்தப் புற்றுநோய் பொது மருத்துவத்தில், கர்ப்பப்பை வாய் மகப்பேற்றில் என்று சிதறிக் கிடக்கிறது. அறுவையிலோ மருந்திலோ புற்றுநோய் நிபுணராக வேண்டுமானால் எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்றாண்டு முதுநிலை, பிறகு மூன்றாண்டு உயர்நிலை என்று பதினோரு ஆண்டுக்கு மேல் ஆகும். கிராமத்திலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு முப்பது வயதுவரை காத்திருக்கும் வசதி வீட்டில் இருக்க வேண்டும். தம்பி, தங்கை படிப்புக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் இடையிலேயே நின்றுவிடுவார், அதற்காக அவரை யாரும் குறை சொல்ல முடியாது. உயர்படிப்பில் கிடைக்கும் உதவித்தொகையும், முடித்தவுடன் சொந்த மாவட்டத்தில் நிரந்தரப் பணியிடம் உண்டு என்ற உறுதியும் சேர்ந்து வந்தால் இந்தக் கணக்கு மாறும்.

2025-26 ஒன்றிய பட்ஜெட்டில், மூன்று ஆண்டுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள், முதல் ஆண்டிலேயே 200, என்ற அறிவிப்பு வந்தது. இத்தகைய மையம் ஒன்றில் சிக்கலான அறுவையோ கதிர்ச் சிகிச்சையோ நடக்காது. பெரிய மருத்துவமனையில் வகுத்துக் கொடுத்த கீமோவைக் காலையில் ஏற்றி மாலையில் வீட்டுக்கு அனுப்புவார்கள்; ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள்; வாந்திக்கும் காய்ச்சலுக்கும் வலிக்கும் மருந்து கொடுப்பார்கள்; சிகிச்சை முடிந்தவர்களை மாதாமாதம் பரிசோதிப்பார்கள். நோயாளிக்குப் பெங்களூருப் பயணம் பாதியாகக் குறையும். நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது வேறு. போலுப்பள்ளிக் கல்லூரியின் மாணவர்களை அந்த மையத்தில் இரண்டு வாரமாவது உட்காரவைக்க வேண்டும். கித்வாயோடும் சேலத்தோடும் காரப்பேட்டையோடும் ஓர் ஏற்பாடு செய்து, இங்கிருந்து அனுப்பிய ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்ற தகவல் அனுப்பிய மருத்துவருக்கே திரும்பி வர வேண்டும். மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து இரண்டு ஆண்டான ஒரு பெண், பர்கூரிலிருந்து காலைப் பேருந்தில் வந்து, முடி மறுபடியும் வளர்ந்த தலையோடு, மாம்பழப் பருவத்தில் தோட்ட வேலைக்குப் போகலாமா என்று கேட்பதை, அவரை முதலில் பரிசோதித்த மருத்துவரே அங்கே உட்கார்ந்து கேட்க வேண்டும்.